மார்ஜோரிபேங்க்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் குடும்பப்பெயர்: எங்கிருந்து வந்தது, இன்று எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள்?

தேயிலைக்காடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பம் எப்படி இலங்கைக்குப் போனது என்று கொஞ்ச காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். என் பூட்டன் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கங்காணியோடு போய் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தவர். அந்தக் காலத்து அறிக்கைகளைப் படிக்கும்போது 1917இல் வெளிவந்த ஒன்று கண்ணில் பட்டது. இலங்கைக்கும் மலேயாவுக்கும் வேலைக்குப் போன இந்தியத் தொழிலாளர்களின் நிலைமையைப் பார்த்து வரச் சொல்லி சென்னை அரசாங்கம் இரண்டு பேரை அனுப்பியிருக்கிறது. ஒருவர் அகமது தம்பி மரைக்காயர், இன்னொருவர் என். இ. மார்ஜோரிபேங்க்ஸ், ஐ.சி.எஸ். அதிகாரி.

மரைக்காயர் என்றால் நமக்கு எந்தக் கரை, எந்தத் தொழில் என்று உடனே ஒரு படம் வந்துவிடும். அந்த இன்னொரு பெயர்தான் பிடிபடவில்லை. முதலில் பிரெஞ்சுப் பெயரோ என்று நினைத்தேன், பிறகு ஸ்காட்லாந்து என்று தெரிந்தது. கிளாஸ்கோவில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் என் அத்தை மகனிடம் கேட்டேன், அப்படி ஒரு பெயரோடு யாரையும் பார்த்ததே இல்லை என்கிறான். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் ஏதோ இளவரசி கதை, இன்னொரு பக்கம் கோல்டன் ரெட்ரீவர் நாய்!

நான் தெரிந்துகொள்ள விரும்புவது: இந்தப் பெயர் எப்படி வந்தது, இன்றைக்கு எவ்வளவு பேர் வைத்திருக்கிறார்கள், ஏன் இவ்வளவு அபூர்வம், அப்புறம் இதை எப்படி உச்சரிப்பது? அந்த அறிக்கையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுகிறேன், ஒருவர் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு அவர் எழுதியதை அலசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லோதியன்வாசி:

நான் எடின்பரோவுக்கு மேற்கே குடியிருக்கிறேன், இந்தப் பெயர் பிறந்த ஊர் எனக்குப் பக்கத்து ஊர்தான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. எழுத்தில் என்ன இருந்தாலும் வாயில் வருவது மார்ச்பேங்க்ஸ். நடுவில் உள்ள "ஜோரி" சுருங்கி ஒரு "ச்" ஆகிவிட்டது. இங்கே இதுபோன்ற பெயர்கள் நிறைய. மென்சீஸ் என்று எழுதியிருப்பதை மிங்கிஸ் என்பார்கள், டால்சீல் என்று எழுதியிருப்பதை டீயெல் என்பார்கள்.

இப்போது இளவரசி கதை. இது வெறும் கதை இல்லை, நிலத்தில் காலூன்றிய விஷயம். ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்து மன்னரின் முதல் மனைவிக்குப் பிறந்த ஒரே மகள் மார்ஜோரி. 1306இல் அப்பா முடிசூடியதுமே இங்கிலாந்தோடு சண்டை முற்றி, சுமார் 10 வயதில் இந்தப் பெண் பிடிபட்டுவிட்டாள். இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் அவளை லண்டன் கோட்டையில் கூண்டில் அடைக்க உத்தரவிட்டு, அப்புறம் மனம் மாறி யார்க்‌ஷயரில் வாட்டன் என்ற கன்னிமாடத்துக்கு அனுப்பினார். 1314இல் பானக்பர்ன் போரில் புரூஸ் ஜெயித்து, கைதிகளை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஊர் திரும்பினாள். எட்டு வருடம், அதுவும் அந்த வயதில். அடுத்த வருடமே, 1315இல், அரண்மனைக் காரியஸ்தர் பதவியை வம்சவழியில் வகித்துவந்த வால்டர் என்பவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தக் கல்யாணத்துக்கு மன்னர் கொடுத்த சீரில் பாத்கேட், ராத்தோ என்ற ஊர்களின் நிலங்கள் இருந்தன. ராத்தோ இன்றைக்கும் இருக்கிறது, விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம், ஊருக்குள் யூனியன் கால்வாய் ஓடுகிறது. மார்ஜோரிக்கு வந்த அந்த ராத்தோ நிலத்துக்கு அவள் பெயரே ஒட்டிக்கொண்டது. ராத்தோ-மார்ஜோரி, பிறகு மார்ஜோரியின் பேங்க்ஸ், அதாவது மார்ஜோரியின் மேட்டுச்சரிவு. மார்ஜோரி நீண்ட நாள் வாழவில்லை, கல்யாணமாகி ஓரிரு வருடத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். கர்ப்பமாக இருக்கும்போது பெய்ஸ்லி பக்கம் குதிரையிலிருந்து விழுந்தாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவள் பெற்ற பையன்தான் பிறகு இரண்டாம் ராபர்ட் ஆனார், ஸ்டூவர்ட் வம்சத்தின் முதல் மன்னர். பெய்ஸ்லி மடாலயத்தில் அவளுக்கு ஒரு கல்லறை இருக்கிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நினைவுப்பொருள் விற்கும் கடைகளும் சில வம்சாவளித் தளங்களும் இதைக் குழப்பி வைத்திருக்கின்றன. மார்ஜோரிபேங்க்ஸ் பெயர்க்காரர்கள் மார்ஜோரியின் சந்ததி என்று பொருள் இல்லை. அவள் சந்ததி ஸ்டூவர்ட் அரச குடும்பம். இந்தப் பெயர் வந்தது மண்ணிலிருந்து, இரத்தத்திலிருந்து இல்லை. அந்த நிலத்தோடு தொடர்புடைய வேறொரு குடும்பம் நிலத்தின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது. அவர்கள் முன்னால் ஜான்ஸ்டன் என்ற பெயரோடு இருந்தவர்கள் என்பது பிரபு வம்சாவளி நூல்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் மரபு. ஆவணத்தில் கெட்டியாகப் பிடிக்கக் கிடைக்கும் முதல் பெரிய ஆள் தாமஸ் மார்ஜோரிபேங்க்ஸ் என்ற வழக்கறிஞர். 1540இல் எடின்பரோ நகரத் தலைவர், 1549இல் அரசு ஆவணங்களுக்கெல்லாம் தலைமை அதிகாரி. மார்ஜோரி இறந்து இவர் வருவதற்குள் இருநூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அவர்களில் ஒரு கிளை பாத்கேட்டில் பால்பார்டி என்ற பண்ணையில் இருந்தது. அந்த ஊரில் இன்றும் மார்ஜோரிபேங்க்ஸ் தெரு இருக்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அந்தப் பலகையைப் பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை.

ஏட்டுச்சுவடி:

லோதியன்வாசி பூர்வீகத்தைச் சொல்லிவிட்டார், எண்ணிக்கைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். பழைய ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் பிறருக்காகத் தேடிக்கொடுப்பது என் வேலை.

சுருக்கமான பதில்: பிரிட்டன் முழுவதும் சேர்த்து இந்த எழுத்துக்கூட்டலில் இருப்பவர்கள் நூற்றுக்கணக்கில்தான், ஆயிரக்கணக்கில் இல்லை. ஸ்காட்லாந்தின் தேசியப் பதிவேட்டுத் துறை அதிகம் வழங்கும் குடும்பப்பெயர்களின் பட்டியலை வெளியிடுகிறது, ஸ்மித், பிரவுன், வில்சன் என்று தொடங்கும், அதில் முதல் நூறில் மார்ஜோரிபேங்க்ஸ் பக்கத்தில்கூட வராது. 54 லட்சம் பேர் உள்ள நாட்டில் உங்கள் அத்தை மகன் ஒருவரைக்கூடச் சந்திக்காததில் அதிசயமே இல்லை.

ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் பாதிதான் பார்த்ததாகும். எழுத்தரும் பாதிரியாரும் குமாஸ்தாவும் காதில் விழுந்ததை எழுதிய காலம் அது. வாயில் மார்ச்பேங்க்ஸ் என்று சொன்னால் ஏட்டில் என்ன விழும்? மார்ச்பேங்க்ஸ், மார்ச்பேங்க், மார்ஷ்பேங்க்ஸ் என்றெல்லாம் விழும். பெரிய வீட்டுக்காரர்கள் பத்திரங்களில் பழைய நீண்ட எழுத்துக்கூட்டலைக் காப்பாற்றிக்கொண்டார்கள், கூலி வேலை, குத்தகை விவசாயம், சுரங்கம் என்று போனவர்களுக்குச் சொல்வதே எழுத்தாகிவிட்டது. அதனால் இந்தப் பெயர் இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேட்டால், எந்த எழுத்துக்கூட்டலில் என்று நான் திருப்பிக் கேட்பேன். அமெரிக்காவுக்குப் போனவர்களிடம் மார்ச்பேங்க்ஸ்தான் பெருகியிருக்கிறது, நீண்ட வடிவம் அங்கே அரிதிலும் அரிது.

தேடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டுகிறேன். ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகத் தேட சவுண்டெக்ஸ் என்று ஒரு குறியீட்டு முறை உண்டு, 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, இன்றும் பல தளங்களில் "ஒத்த ஒலி" என்று நாம் டிக் செய்யும் பெட்டிக்குப் பின்னால் இதுவோ இதன் தம்பியோதான் இருக்கிறது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, அடுத்து வரும் மூன்று மெய்களுக்கு எண் போடுவது முறை. ஆர் என்றால் 6, ஜேயும் சியும் 2, பி 1. மார்ஜோரிபேங்க்ஸில் ஆர், ஜே, மறுபடி ஆர் வருகிறது, ஆக எம்-626. மார்ச்பேங்க்ஸில் ஆர், சி, பி, ஆக எம்-621. முதல் ஆரை விட்டுவிட்டு "மஜோரிபேங்க்ஸ்" என்று எழுதிவைத்த குமாஸ்தா ஒருவர் இருந்தால் அது எம்-261. மூன்றும் ஒரே குடும்பத்தின் மூன்று பிள்ளைகளாக இருக்கலாம், கணினிக்கு மூன்றும் சம்பந்தமே இல்லாத பெயர்கள். ஒத்த ஒலியைப் பிடிக்கவென்று செய்த கருவி, ஒரே மாதிரி ஒலிக்கும் பெயரையே கோட்டை விடுகிறது. அதனால் பெட்டியை நம்பாமல் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்து தேடுங்கள், அல்லது சந்தேகமான எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள்.

நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டுமென்றால் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளம் போதும். கணக்குத் தொடங்கி அட்டவணையில் தேடுவது இலவசம், பதிவின் படத்தைத் திறந்தால்தான் காசு. அரசுப் பதிவு 1855 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது, அதற்கு முன்னால் திருச்சபைப் பதிவேடுகள். பத்துப் பத்து வருடமாகப் பிறப்புகளை எண்ணிக்கொண்டு வாருங்கள், பெயர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தானாகத் தெரியும். இறப்புகளை எண்ணாதீர்கள், தயவுசெய்து. ஸ்காட்லாந்தில் கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுப் பெயர், புகுந்த வீட்டுப் பெயர் இரண்டின் கீழும் அட்டவணையில் ஏறுவார், அந்தக் கணக்கில் பெயர்க்காரர்கள் இல்லாத அளவுக்குப் பெருகிக் காட்டும். நமக்கு இதிலிருந்து ஒரு நன்மையும் உண்டு. இங்கிலாந்து மரணச் சான்றுகளில் பழைய காலத்தில் காணாமல் போய்விடும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் இங்கே பத்திரமாக இருக்கிறது.

தேயிலைக்காடு:

இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. ஏட்டுச்சுவடி அண்ணா சொன்னபடி மார்ச்பேங்க்ஸ் என்று போட்டுத் தேடினேன், முன்பு வெறிச்சென்று இருந்த பக்கம் நிரம்பிவிட்டது. கப்பல் பட்டியல்களில்கூட அந்த வடிவம் கிடைக்கிறது.

மார்ஜோரியின் அந்த எட்டு வருடத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. சிறுமியாகப் பிடிபட்டு, வெளியே வந்ததும் கட்டிக்கொடுக்கப்பட்டு, ஓரிரு வருடத்தில் முடிந்துபோன வாழ்க்கை. அவள் பெயர் ஒரு நிலத்தில் ஒட்டி, அங்கிருந்து ஒரு குடும்பத்துக்குப் போய், அது சென்னை மாகாண அறிக்கை வரைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் ஏன் இவ்வளவு அபூர்வம் என்பது இன்னும் விளங்கவில்லை. 16ஆம் நூற்றாண்டிலேயே எடின்பரோவில் பெரிய பதவியில் இருந்த குடும்பம், இந்நேரம் ஆலமரமாகியிருக்க வேண்டாமா? அப்புறம் அந்த நாய் விவகாரம் என்ன?

செம்பட்டை ரெட்ரீவர்:

நாய் என்றதும் வந்துவிட்டேன். அபூர்வத்துக்குக் காரணமும் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கிறது, சேர்த்தே சொல்கிறேன்.

டட்லி கூட்ஸ் மார்ஜோரிபேங்க்ஸ், 1820இல் பிறந்தவர், பிறகு ட்வீட்மவுத் பிரபு ஆனவர். அப்பா எட்வர்ட் லண்டனின் கூட்ஸ் வங்கியில் மூத்த பங்காளி. டட்லி ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டில் டோமிக் கிராமத்துக்குப் பக்கத்தில் கூசக்கன் என்ற பண்ணையை வாங்கினார். 1865இல் பிரைட்டனில் ஒரு மஞ்சள் நிற நாய்க்குட்டி கிடைத்தது, கறுப்புக் குட்டிகள் போட்ட ஈற்றில் அது ஒன்று மட்டும் மஞ்சள். பெயர் நௌஸ். அதை பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பேனியல் வகைப் பெண் நாயோடு சேர்த்தார். 1868இல் பிறந்த மஞ்சள் குட்டிகளில் மூன்றுக்குக் கௌஸ்லிப், குரோகஸ், பிரிம்ரோஸ் என்று பூக்களின் பெயர்களை வைத்தார். இன்றைக்கு உலகம் முழுக்க உள்ள கோல்டன் ரெட்ரீவர்களின் ஆரம்பம் அங்கேதான். ரஷ்ய சர்க்கஸ் நாய்களிடமிருந்து வந்தது என்று நெடுநாள் ஒரு கதை ஓடியது, 1952இல் அவருடைய நாய்க்கொட்டில் பதிவேடு வெளியான பிறகு அது அடங்கிவிட்டது. அந்த வீடு இப்போது கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கிறது. 2018இல் 150ஆம் ஆண்டைக் கொண்டாட 361 கோல்டன் ரெட்ரீவர்கள் அங்கே கூடின. அந்தப் புகைப்படத்தைக் கட்டாயம் தேடிப் பாருங்கள், புல்வெளியே தெரியாது!

இப்போது அபூர்வம். பெல் வந்தது லேடிகர்க் என்ற இடத்து நாய் வகையிலிருந்து. லேடிகர்க்கின் சொந்தக்காரர் டட்லியின் பெரியப்பா-சித்தப்பா மகன், பெயர் டேவிட் ராபர்ட்சன். ராபர்ட்சனா என்று கேட்பீர்கள். பிறக்கும்போது அவர் டேவிட் மார்ஜோரிபேங்க்ஸ்தான். மனைவி வழியில் லேடிகர்க் சொத்து வந்தது, அதோடு ராபர்ட்சன் என்ற பெயரையும் ஏற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் சொத்துக் குடும்பங்களில் இது சகஜம். ஆண் வாரிசு இல்லாத வீட்டுப் பெயர் மறையக்கூடாது என்று மருமகன் பெயரை மாற்றச் சொல்வார்கள். அவர் ராபர்ட்சன் ஆனதால் ஸ்காட்லாந்தில் ஏற்கெனவே ஏராளமாக இருந்த ராபர்ட்சன்களோடு இன்னொரு ராபர்ட்சன் சேர்ந்தார், விரல்விட்டு எண்ணும் மார்ஜோரிபேங்க்ஸ்களில் ஒருவர் குறைந்தார். 1873 ஜூன் 12 அன்று அவருக்கு மார்ஜோரிபேங்க்ஸ் பிரபு என்றே பட்டம் கொடுத்தார்கள், பிறந்த பெயர் பட்டமாகத் திரும்பி வந்தது. ஜூன் 19 அன்று இறந்துவிட்டார். ஏழே நாள், பட்டம் அவரோடு முடிந்தது.

மற்ற கிளைகளையும் பாருங்கள். கோல்ட்ஸ்ட்ரீம் ஊரில் லீஸ் என்ற பண்ணையிலிருந்த கிளையின் பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் 1888இல் வாரிசில்லாமல் முடிந்தது. அந்த ஊர் எல்லையில் உயரமான தூணின்மேல் நிற்பவர் அதே குடும்பத்துச் சார்ல்ஸ் மார்ஜோரிபேங்க்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியில் சீனாவின் கான்டனில் இருந்துவிட்டு வந்து எம்.பி. ஆனவர், 1833இல் இறந்தார். டட்லியின் ட்வீட்மவுத் பட்டம் மூன்றாம் தலைமுறையோடு 1935இல் நின்றது, மூன்றாமவருக்கு இரண்டும் பெண்கள். டட்லியின் மகள் இஷ்பெல்லோ கனடாவில் கவர்னர் ஜெனரலின் மனைவியாகப் போய் 1897இல் வீடு வீடாகச் சென்று பணிபுரியும் செவிலியர் அமைப்பைத் தொடங்கியவர், அந்தக் குடும்பத்திலேயே நான் அதிகம் மதிக்கும் ஆள். அவரை உலகம் ஆபர்டீன் சீமாட்டி என்றுதான் அறியும், பிறந்த வீட்டுப் பெயர் எந்தத் தலைப்பிலும் வராது.

ஏட்டுச்சுவடி:

செம்பட்டை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. பிரபு குடும்பப் பெயர்கள் ஏன் இப்படி அற்றுப்போகின்றன என்று பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1873இல் ஒரு பத்திரிகையில் கணக்காகக் கேட்டார், வாட்சன் என்ற பாதிரியாரோடு சேர்ந்து 1874இல் கட்டுரையாக வெளியிட்டார். பெயர் ஆண் வழியில் மட்டும் போகிறது என்றால், தலைமுறைக்குச் சராசரி ஒரு மகன் என்ற நிலையில்கூட, ஒரே ஆளிடம் தொடங்கும் பெயர் காலப்போக்கில் அற்றுப்போவது நிச்சயம். சிலருக்கு நான்கு மகன்கள், சிலருக்கு மகனே இல்லை என்ற ஏற்றத்தாழ்வே அதற்குப் போதும்.

தேயிலைக்காடு, உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஸ்மித் என்றால் கொல்லர், ஊருக்கு ஒரு கொல்லர், ஆயிரம் ஊரில் ஆயிரம் இடத்தில் அந்தப் பெயர் தனித்தனியாகத் தோன்றியது. ஒரு ஊரில் அற்றுப்போனால் இன்னொரு ஊரில் இருக்கும். இதுவோ ஒரே நிலம், அதை வைத்திருந்த ஒரே குடும்பம். வேர் ஒன்றுதான்.

எல்லைக்கல்:

"ஒரே வேர்" என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, மன்னிக்கவும். மார்ஜோரிபேங்க்ஸ் என்ற நீண்ட வடிவத்துக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். மார்ச்பேங்க்ஸ் எல்லோரையும் அதே கூடையில் போடுவது ஆபத்து. ஸ்காட்லாந்தில் "மார்ச்" என்றால் எல்லை. இரண்டு பண்ணைக்கு நடுவில் இருக்கும் வரப்பு மேட்டை மார்ச் பேங்க் என்று எந்த ஊரிலும் சொல்லியிருக்கலாம், அந்த மேட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்கு அதுவே பெயராகியிருக்கலாம். அவனுக்கும் மார்ஜோரிக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது.

தெற்கே டம்ஃப்ரீஸ் பகுதியில் லாக்மேபனுக்குப் பக்கத்திலும் மார்ஜோரிபேங்க்ஸ் என்ற பெயரில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. லாக்மேபன் புரூஸ் குடும்பத்தின் பழைய சீமை, அனந்தேல் பள்ளத்தாக்கு. ஜான்ஸ்டன்களின் சீமையும் அதுதான். ராத்தோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதை விட்டுவிடுவோம். அதனால் ஏட்டில் மார்ச்பேங்க்ஸ் என்று கண்டால், அடுத்த தலைமுறையில் அதே வீட்டில் நீண்ட வடிவம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள். வரவில்லை என்றால் தனியாக வையுங்கள்.

லோதியன்வாசி:

எல்லைக்கல் சொல்வது நியாயமான எச்சரிக்கை, குறிப்பாக அமெரிக்க மார்ச்பேங்க்ஸ்கள் விஷயத்தில். அங்கே கப்பலேறிய முதல் ஆளின் ஊர் தெரியாமல் ராத்தோவோடு முடிச்சுப் போட்டு, மரவேலைப்பாட்டுச் சட்டத்தில் குலச்சின்னம் மாட்டி வைத்திருக்கிறார்கள். குலச்சின்னம் ஒரு பெயருக்கு உரியதில்லை, ஒரு ஆளுக்கு உரியது. ஸ்காட்லாந்தில் அதை லார்ட் லயன் என்ற அதிகாரியின் நீதிமன்றம்தான் கொடுக்க முடியும், அது சட்டப்படி நடக்கும் உண்மையான நீதிமன்றம்.

ஆனால் ஜான்ஸ்டன் தொடர்பு லாக்மேபன் பக்கம் இழுப்பதால் ராத்தோ கதை விழுந்துவிடாது. 16ஆம் நூற்றாண்டில் "ராத்தோவின் தாமஸ் மார்ஜோரிபேங்க்ஸ்" என்றே அவரைக் குறிப்பிடுகிறார்கள், நிலத்தோடு சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் ஆளைச் சொல்வார்கள். குடும்பம் தெற்கிலிருந்து வந்து ராத்தோவில் ஊன்றியிருக்கலாம், இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை.

தேயிலைக்காடு, உங்கள் ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் நார்மன் எட்வர்ட் மார்ஜோரிபேங்க்ஸ். அந்த அறிக்கையோடு நின்றவர் இல்லை, 1929இல் கோஷன் பிரபு போய் ஸ்டான்லி வருவதற்கு நடுவில் சில மாதங்கள் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராகவே இருந்தார். சர் பட்டமும் உண்டு. எந்தக் கிளை என்று பார்க்காமல் அவரை நாய்க்காரப் பிரபுவோடு உறவாக்கி எழுதிவிடாதீர்கள், அபூர்வப் பெயர் என்பதால் எல்லோரும் நெருங்கிய சொந்தம் என்று நினைக்கத் தோன்றும், கிளைகள் பிரிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. கம்பெனிக் காலத்திலிருந்தே இந்தப் பெயர் இந்தியாவோடு ஒட்டியிருக்கிறது, கேம்ப்பெல் மார்ஜோரிபேங்க்ஸ் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கே தலைவராக இருந்தவர்.

தேயிலைக்காடு:

கவர்னராக இருந்தார் என்பது எனக்குப் புதுச் செய்தி, இனிமேல் 1929 சென்னைப் பத்திரிகைகளிலும் தேடலாம். கட்டுரையில் கங்காணி முறை, முன்பணக் கடன் பற்றி அவரும் மரைக்காயரும் எழுதியதைத்தான் விரிவாகப் பேசப்போகிறேன், பெயர் பற்றி ஒரு பத்தி வைக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். தமிழில் மார்ச்பேங்க்ஸ் என்று எழுதினால் உச்சரிப்பு சரி, ஆனால் மூல அறிக்கையைத் தேடப் போகிறவருக்கு அது கிடைக்காது. மார்ஜோரிபேங்க்ஸ் என்று எழுதினால் நேர்மாறு. என்ன செய்யலாம்?

ஏட்டுச்சுவடி:

முதல் முறை வரும் இடத்தில் மார்ஜோரிபேங்க்ஸ் என்று எழுதி, "மார்ச்பேங்க்ஸ் என்று உச்சரிப்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு கட்டுரை முழுக்க நீண்ட வடிவத்தையே வைத்துக்கொள்ளுங்கள், ஏட்டில் இருப்பது அதுதான், உங்களுக்குப் பின்னால் தேடுகிறவர்களும் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள். மரைக்காயர் பெயரையும் அதே மாதிரி கவனியுங்கள். ஆங்கில ஏடுகளில் அது மரக்காயர், மரிக்கார் என்று பலவிதமாகக் கிடக்கிறது, அவரைத் தேடுபவர்களுக்கும் இதே கஷ்டம்தான்.